கல்லுருட்டி மைதிலி

காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போற ரோட்டுல, பஸ்ஸுல கண்ணசந்தவங்க தவற விட்டுர்ற ஊரு ஒண்ணு இருக்குதுங்க, ஊசிக்கல்பாளையம்னு பேரு. அந்த ஊருல, கண்டக்டரா இருந்து ரிட்டயரான சென்னியப்பனுக்கும் அவரு சம்சாரம் வசந்தாமணிக்கும் மைதிலின்னு ஒரே பொண்ணு. அந்தப் பொண்ணு பகல்ல பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி நடத்துவாள், பொழுதோட ஊட்டுக்கு வந்தாக் கல்லை உருட்டுவாள். உருட்டறதுன்னா காலால தள்ளி விளையாடறது இல்லீங்க. பழைய வெட் கிரைண்டரோட மோட்டாரைக் கழட்டி, ரெண்டு உருளை வெச்சு, அது மேல மூடி போட்ட ரப்பர் டிரம் ஒண்ணைப் படுக்க வெச்சு, உள்ளே கல்லு, தண்ணி, சாணைப்பொடி மூணையும் போட்டு ஓட விட்டாள்னா, அது பாட்டுக்கு ராப்பகலாக் கடகடன்னு சுத்தும். மொதல்ல ரவையாட்ட இருக்கற பொடி, அப்புறம் கோலமாவாட்ட இருக்கற பொடி, கடைசியா மூஞ்சிக்குப் பூசற பவுடராட்ட இருக்கற பொடின்னு ஒண்ணொண்ணுக்கும் வாரக்கணக்குல உருளோணும். நடுவுல கழுவறப்ப ஒரே ஒரு ரவைத் துணுக்கு தங்கிப் போச்சுன்னா அத்தனை கல்லுலயும் கீறல் உழுந்து மறுபடி மொதல்லருந்து ஆரம்பிக்கோணும். அப்படி உருண்டு முடிச்சு வெளிய வந்தா, ஆட்டுப்பட்டியில காலை இடறுன கல்லுங்கூட அப்பத்தான் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி மினுமினுன்னு இருக்கும்.

காங்கேயம் மண்ணுல ராசிக்கல்லு கெடைக்கும்னு ஊரே நெலத்தைக் கிண்டிக்கிட்டுக் கெடக்கறப்ப, இவள் மட்டும் விலை போகாத கல்லாப் பாத்துப் பொறுக்குவாள். கெணறு வெட்டிக் கொட்டுன கல்லு, ரோடு போடக் கொட்டுன ஜல்லி, ஏரியோரத்து வெள்ளை வெங்கச்சாங்கல்லுன்னு எதையும் உடமாட்டாள். ஏன்னு கேட்டா அதுக்கும் ஒரு காரணம் இருந்துச்சுங்க. முப்பத்திமூணு வயசாச்சு, பொண்ணு பாக்க வந்தவங்க கூட்டத்தை ஒரு டவுன் பஸ்ஸுல ஏத்துனா நின்னுக்கிட்டுத்தான் வரோணும், அத்தனை பேரும் கண்ணபுரம் சந்தையில மாடு பாக்கற மாதிரி மேலருந்து கீழ வரைக்கும் பாத்தாங்க, கேசரியைத் தின்னாங்க, "நெறந்தான் கொஞ்சம்..."னு இழுத்தாங்க, போயிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அழுதாள், அழுது முடிச்சதும் வெளிய போயி ஒரு கல்லைப் பொறுக்கிட்டு வந்து டிரம்முல போட்டாள். மோட்டார் சத்தத்துக்கு அக்கம்பக்கத்துல மொதல்ல சண்டைக்கு வந்தாங்க, அப்புறம் பழகிட்டாங்க, அப்புறம் கரண்டு போனா அந்தச் சத்தம் இல்லாமத் தெருவுல ஒரு கொழந்தையும் தூங்காமப் போயிருச்சு.

அப்படி இருக்கறப்பத்தான் வெள்ளகோவில்ல மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கற பூபதி பொண்ணு பாக்க வந்தான். நல்ல பையன்தான், குடியில்லை, சீட்டாட்டமில்லை. ஆனா கல்லுளிமங்கன்னா அப்படியொரு கல்லுளிமங்கன், வாயைத் தொறக்க மாட்டான், குனிஞ்ச தலை நிமிர மாட்டான். ஊருல பொண்ணுகளைப் பத்தித்தான் அப்படிப் பெருமையாச் சொல்லுவாங்க, இங்க மாப்பிள்ளை அப்படி வாய்ச்சிருந்தான். வந்து உக்காந்தவன் கேசரித் தட்டைப் பாத்தான், தரையில இருந்த டைல்ஸைப் பாத்தான், தன்ற கால் கட்டை விரலைப் பாத்தான்; மைதிலி வந்து கும்புட்டு நின்னப்பக் கட்டை விரலை இன்னும் கொஞ்சம் உன்னிப்பாப் பாத்தான்; ஊட்டுக்குப் பின்னாடி பொடக்காளியில டிரம்மு ஓடற சத்தம் கேட்டதும், "பேரிங் தேயுதுங்க"ன்னு டைல்ஸுகிட்டச் சொன்னான். அவ்வளவுதான் அவன் பேசுனது. மறுநாள் அவங்கம்மா அருக்காணி போன் பண்ணி, "எங்க பையனுக்கு முழுச் சம்மதமுங்க"ன்னுச்சு.

வசந்தாமணி சந்தோசத்துல முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டே மூணு ஊட்டுக்குப் போயிச் சொல்லிட்டு வந்தாள். மைதிலிக்கு மட்டும் சோறு எறங்கல.

"இத்தனை நாளு வந்தவனுக எல்லாம் பாத்துப் பாத்து வேண்டாம்னானுக. இவன் பாக்காமயே வேணுங்கறான். ரெண்டும் ஒண்ணுதானுங்கம்மா. அவனுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி வேணும், அது நானா இருந்தாலும் சரி, பீரோவா இருந்தாலும் சரி."

"சாமி, கூச்ச சுபாவங்கண்ணு. கட்டிக்கிட்டா எல்லாஞ் சரியாயிரும்."

"கட்டறதுக்கு முன்னாடி சரியாகோணும். தாலி கழுத்துல ஏறறதுக்குள்ள ஒரே ஒரு தடவை என்ற மூஞ்சியை அந்த ஆளு பாக்கோணும். பாக்கலைன்னா, மணவறைன்னும் பாக்க மாட்டேன், ஒறம்பரைச் சனம்னும் பாக்க மாட்டேன், எந்திரிச்சு வந்துருவேன்."

சொன்னால் செய்யற பொண்ணுன்னு பெத்தவங்களுக்குத் தெரியுங்க. சென்னியப்பன் அன்னைக்கு ராத்திரி தூங்காமப் பொரண்டு பொரண்டு படுத்தார்.

மறுநாள் வெடியால வாசல் தெளிக்கப் போன வசந்தாமணி, கையில சாணி வாளியோட உள்ள திரும்பி வந்து, "ஏனுங்க, வெள்ளகோவில் ஒம்பது கிலோமீட்டர்னு எழுதுன மைல் கல்லு நம்ம கேட்டுக்கு முன்னாடி வந்து நிக்குது, உள்ள கூப்புடறதா என்னன்னு தெரியல"ன்னாள். சென்னியப்பன் போயிப் பாத்தார். மஞ்சப் பெயிண்டு உரிஞ்சு, லாரி ஒரசுன தழும்போட, ஒரு ஓரத்துல நாய் நனைச்ச கறையோட அது நின்னுக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி பர்லாங் கல்லு ரெண்டு, அதுக்குப் பின்னாடி செல்லமுத்து தோட்டத்து சர்வே கல்லு நாலு, எல்லாம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா, அடக்கமா. நடந்ததை யாரும் பாக்கல. பாத்துக்கிட்டு இருந்தா நகராது, கண்ணைச் சிமிட்டுனா ஒரு எட்டு முன்னாடி வந்திருக்கும். மைதிலி பல்லு வெளக்கிக்கிட்டே வந்து பாத்தாள், மைல் கல்லைச் சுத்தி வந்தாள், தட்டிப் பாத்தாள், "கிரானைட்டுங்கப்பா, பாலிஷ் நல்லா ஏறும்"னாள். உருட்டிக்கத்தான் வந்திருக்குதுகன்னு எல்லாத்துக்கும் புரிஞ்சு போச்சு.

எதுக்கு வந்துச்சு, எப்படி வந்துச்சுன்னு ஊருல யாரும் ரொம்ப மண்டையை ஒடச்சுக்கல. பியூட்டி பார்லருக்கு ஒருத்தர் போறாங்கன்னா எதுக்குன்னு நிறுத்தி வெச்சா விசாரிக்கறோம்? அத்தனை வருசம் வெயில்லயும் மழையிலயும் நின்ன கல்லுக, ஒரு தடவை நல்லாத் தெரியோணும்னு ஆசைப்பட்டிருக்கும், அதுகளுக்கும் இருக்காதான்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. சாமிக் கல்லுக மட்டும் எடத்தை விட்டு அசையல. அதுகளுக்கு எண்ணெயும் மஞ்சளுமே போதும்னு பூசாரி சொல்லிட்டார்.

சின்ன டிரம்மு பத்தாதுன்னு ஆனதும், கட்டட மேஸ்திரி ஒருத்தர்கிட்ட இருந்து காங்கிரீட் கலக்கற மெஷினைச் சென்னியப்பன் வாங்கிட்டு வந்தார், அதுக்கு எட்டுனாப்புல பெரிய மோட்டார் ஒண்ணையும் மாட்டுனார். இத்தனை வருசம் கூட்டத்தை ஏத்தி எறக்குன மனுசன், ரிட்டயரானதுக்கப்புறம் கை நமநமன்னு இருந்தவரு, விசிலை எடுத்துக் கழுத்துல போட்டுக்கிட்டு, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்குது பாரு, வாசல்லயே நிக்காதே, சர்வே கல்லு எல்லாம் எடது பக்கம், ஜல்லிக்குத் தனி வரிசை, ஏய் சுண்ணாம்புக்கல்லு, நீ எங்க கிரானைட்டுக்கு நடுவுல வந்து நிக்கறே, உள்ள போனா மாவாயிருவே, போ அங்கிட்டு"ன்னு சத்தம் போட ஆரம்பிச்சதும், அவருக்குப் பத்து வயசு கொறஞ்சு போச்சு. மெத்துனு இருக்கற கல்லையும் கெட்டியான கல்லையும் ஒண்ணாப் போடக் கூடாது, ஒத்தைக் கல்லையும் போடக் கூடாது, ஒண்ணு மேல ஒண்ணு ஒரசுனாத்தான் மொகம் வரும்னு மகள் சொன்னதையெல்லாம் அவரு பஸ்ஸு ரூல்ஸாட்டப் படிச்சு வெச்சுக்கிட்டார்.

ஊரும் அதுக்குத் தக்கன வளைஞ்சு குடுத்துச்சு. உருண்டு முடிச்ச மைல் கல்லுக சமத்தாத் தன்ற எடத்துக்குத் திரும்பிப் போச்சு, ஆனா எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருந்துச்சு; அதனால வழி கேக்கறவங்களுக்கு, "கொஞ்சம் தூரமுங்க", "இன்னுங்கொஞ்சம் தூரமுங்க"ன்னு சொல்லிச் சொல்லிப் பழகிக்கிட்டாங்க, போறவங்களும் அப்படியே போயிச் சேந்தாங்க. சர்வே கல்லுக வரிசையில நின்ன காலத்துல எவன் அத்து எது வரைக்கும்னு தெரியாம, பக்கத்துத் தோட்டத்துக்காரன் திருடன்னு சொல்லிருவானோன்னு ஆளாளுக்கு நாலடி உள்ள தள்ளி ஒழவு ஓட்டுனதுல, நடுவுல ஒரு ரோடு அகலத்துக்குப் புல்லு மொளச்சுக் கெடந்துச்சு; ஆடுக தின்னு தின்னு நடக்க முடியாமப் படுத்துக்குச்சு. என்னைக்கோ ஒரு பாலத்துக்கு நட்டு, பாலமே வராம அனாதையாக் கெடந்த அடிக்கல்லும் வந்துச்சு. உருண்டதுல அடிக்கல் நாட்டுனவரு பேரு, தலைமை வகிச்சவரு பேரு, முன்னிலை வகிச்சவரு பேரு எல்லாம் போயி மொழுமொழுன்னு ஆனதும், அதுக்கு முன்னாடி இல்லாத ஒரு நிம்மதி அது மொகத்துல தெரிஞ்சுதுன்னு பாத்தவங்க சொன்னாங்க. மெஷினுல இருந்து வடிச்ச கல்லுச் சேறு, ஊத்துன எடத்துல சிமெண்டாட்ட இறுகிப் போயி மொதல் வாரமே சாக்கடையை அடச்சுருச்சு. அப்புறம் அதையே வாளி வாளியாத் தூக்கிட்டுப் போயி ரோட்டுக் குழியில ஊத்துனாங்க. துவைக்கிற கல்லுக பளபளன்னு திரும்பி வந்ததுல, ஒருத்தர் ஓங்கித் துவைச்ச வேட்டி கையை விட்டு வழுக்கிப் போயிப் பக்கத்து ஊட்டு எருமை மேல உழுந்து, எருமை அதோட ரேசன் கடை வரைக்கும் போயிட்டு வந்துச்சு.

அடுத்த ஊட்டுச் சின்னுசாமிக்குக் கல்லடைப்பு. வாழைத்தண்டுச் சாறு குடிச்சுக் குடிச்சு அலுத்துப் போனவரு, ஒருநா சென்னியப்பன்கிட்ட நாயம் பேசிக்கிட்டு மெஷினுக்குப் பக்கத்துல நின்னவரு, திடீர்னு "யம்மா"ன்னு வயித்தைப் புடிச்சுக்கிட்டு ஓடுனார். கொஞ்ச நேரங் கழிச்சு அவரு வேர்த்து விறுவிறுத்து, ஆனா சிரிச்ச மூஞ்சியா வந்தப்ப, ஜல்லி வரிசையில கடைசியா, கடுகுக்குக் கொஞ்சம் பெருசா ஒரு கல்லு நின்னுக்கிட்டு இருந்துச்சு. அது உருண்டு முடிச்சுத் தேன் நெறத்துல வந்ததும் சின்னுசாமி அதை மோதிரத்துல பதிச்சுப் போட்டுக்கிட்டார், கேட்டவங்களுக்கெல்லாம் "சொந்தக் கல்லுங்க"ன்னார்.

இத்தனைக்கும் நடுவுல கல்யாண நாளு நெருங்கிட்டு இருந்துச்சு. மைதிலி பொடி மாத்துவாள், கல்லுக் கழுவுவாள், கழுவுன கல்லைக் கையில வெச்சுக்கிட்டு, இதையெல்லாம் பாக்க வந்தாலாவது அந்த ஆளு கண்ணு என்னையும் பாக்குமான்னு நெனைப்பாள். அப்பத்தான் மெஷினு பாரந்தாங்காம ஒருநா பொகைஞ்சு நின்னு போச்சு. வரிசையில நின்ன கல்லுக எல்லாம் கம்முனு நின்னுச்சு, ஆனா அந்தக் கம்முங்கறதுல ஒரு கோவம் இருந்துச்சு. சென்னியப்பனுக்கு வேற வழியில்லை, வருங்கால மாப்பிள்ளைக்கே போன் பண்ணுனார்.

பூபதி அரைமணி நேரத்துல வந்து எறங்குனான். வாசல் பூராக் கல்லு, அவன் குனிஞ்ச தலையோட, "கொஞ்சம் நகருங்க... கோவிச்சுக்காதீங்க... இப்பச் சரி பண்ணிர்றேனுங்க"ன்னு ஒவ்வொரு கல்லுகிட்டயும் மரியாதையாச் சொல்லிச் சொல்லி, ஒண்ணு மேலயும் காலு படாம உள்ள வந்தான். மைதிலிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கல்லுகிட்டப் பேசறான், ஜல்லிகிட்டக்கூடப் பேசறான், நான் என்ன அதைவிடக் கேவலமான்னு, டார்ச்சை எடுத்துக்கிட்டு அவன் பக்கத்துல போயி நின்னாள்.

"காயில் போயிருச்சுங்க"ன்னான் மோட்டாரைப் பாத்து.

"வெளிச்சம் இந்தப் பக்கம் காட்டட்டுங்களா?"

"ம்."

அவள் இந்தப் பக்கம் வந்தாள், அவன் அந்தப் பக்கம் போனான். அவள் மோட்டாருக்கு நேரா வந்து உக்காந்தாள், அவன் ஸ்பேனர் பொட்டிக்குள்ள தலையை உட்டுக்கிட்டு எதையோ ரொம்ப நேரந் தேடுனான். அவள் டார்ச்சைத் தன்ற மூஞ்சி மேலயே அடிச்சுக்கிட்டு, "இங்க வெளிச்சம் போதுமான்னு பாருங்க"ன்னாள். அவன் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, "போதுமுங்க, போதுமுங்க"ன்னான். ரெண்டு காதும் மொளகாப்பழமாச் செவந்து கெடந்துச்சு. ராத்திரிக்குள்ள காயிலைச் சுத்தி, புது பேரிங் போட்டு, மெஷினைப் பூனை நடக்கற மாதிரி ஓட உட்டுட்டு, வசந்தாமணி குடுத்த காப்பியைச் செவுத்தைப் பாத்துக் குடிச்சுட்டுப் போயிட்டான்.

"பாத்தீங்களாம்மா?" மைதிலி டார்ச்சைத் திண்ணையில போட்டாள்.

"கண்ணை மூடுனதும் ஒரு மாதிரிப் பாத்ததுதாங்கண்ணு"ன்னாள் வசந்தாமணி, அவளுக்கே நம்பிக்கையில்லாம.

அந்த வாரக் கடைசியில வசந்தாமணிக்கே ஒரு அடி உழுந்துச்சு. கொள்ளுத் தொவையல் அரைக்கலாம்னு போனவள், அம்மியைக் காணாமக் கத்துன கத்துல தெருவே கூடிருச்சு. தேடிப் பாத்தா, அது கொழவியைக் கூடக் கூட்டிக்கிட்டு வரிசையில நிக்குது. அது மட்டுமில்லை, ஊருல இருக்கற அம்மி எல்லாம் பின்னாடியே வந்திருந்துச்சு, கல்யாண மண்டபத்து அம்மி உள்பட. "உனக்கு எதுக்குடி இந்த வயசுல அலங்காரம்"னு வசந்தாமணி திட்டுனாள், சென்னியப்பன் விசிலடிச்சார், அம்மிக மசியல. வாரக்கணக்குல உருண்டு முடிச்சு வெளிய வந்தப்ப, பொழியாத கறுப்பு மேகத்தைப் பலகையாப் போட்ட மாதிரி இருந்துச்சு. குனிஞ்சு பாத்த வசந்தாமணிக்குத் தன்ற கோவமூஞ்சியே அதுல பொட்டு பொடுகோட தெரிஞ்சுது. தேங்காயை வெச்சு ஒரு இழுப்பு இழுத்தாள், தேங்காய் வழுக்கிப் போயிக் காலண்டர் மேல ஒட்டிக்கிச்சு.

சேதி வெள்ளகோவிலுக்குப் போனதும் அருக்காணி வேன் புடிச்சு வந்துருச்சு. மத்தவங்க ஊட்டுல தாலி கட்டிட்டு அம்மி மிதிப்பாங்க. இவங்க வகையறாவுல மட்டும் மாப்பிள்ளை குனிஞ்சு பொண்ணு காலைப் புடிச்சு அம்மி மேல வெச்சு மெட்டி போடோணும், அதுக்கப்புறந்தான் தாலியே.

"கல்லு மேல நிலையா நிக்கத் தெரியாத புள்ளைக்குத் தாலி எதுக்குங்க?"ன்னுச்சு அருக்காணி, இடுப்புல கையை வெச்சுக்கிட்டு. "எங்க மாமியா நின்னாங்க, நான் நின்னேன், உங்க பொண்ணும் நின்னுதான் ஆகோணும்."

"அதுல ஈ உக்காந்தாலே சறுக்குதுங்க சம்பந்தி"ன்னார் சென்னியப்பன்.

"அப்படின்னா கொத்தி விடுங்க."

அம்மி கொத்தறவரைக் கூட்டிட்டு வந்தாங்க. அவரு உளியை வெச்சார், அம்மியைப் பாத்தார், அது மேல கையைத் தடவிக் குடுத்தார், உளியை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டார். "இத்தனை வருசம் மொளகாய்க்கும் மஞ்சளுக்கும் கீழ கெடந்தது, இப்பத்தான் மூஞ்சி கழுவி நிக்குது, என்னால ஆகாதுங்க"ன்னுட்டுப் பஸ் ஏறிட்டார். பக்கத்து ஊரு அம்மிகளைக் கேட்டு ஆளனுப்புனாங்க. அதுக ஏற்கெனவே பாதி வழியில வந்துக்கிட்டு இருந்துச்சு.

கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வேன் மொட்டை மைல் கல்லுகளைப் பாத்து ஏமாந்து, மண்டபத்தைத் தாண்டி ரெண்டு ஊரு போயித் திரும்பி வந்து சேந்துச்சு. பூபதி பட்டு வேட்டியில மணவறைக்கு வந்தான், உக்காந்தான், தலை அந்தப் பழைய எடத்துக்கே போயிருச்சு. பக்கத்துல மைதிலி. அவன் ஹோமத்தைப் பாத்தான்; நெய்யைப் பாத்தான்; அவள் வளையல் சத்தம் கேட்டப்பத் தேங்காயைப் பாத்தான். மாலை மாத்துனப்ப அவன் போட்ட மாலை அவள் காதுல மாட்டித் தொங்குச்சு, அப்பவும் அவன் பாத்தது மாலையோட நுனியைத்தான். கீழ மொத வரிசையில வசந்தாமணி, ரெண்டு கையையும் நெஞ்சுல வெச்சுக்கிட்டு, பாருடா தம்பி, பாருடா சாமின்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தாள்; சென்னியப்பன் விசிலை வாயில வெச்சுக் கடிச்சுக்கிட்டு இருந்தார், ஊதல. தாலித் தட்டு ஒறம்பரை கையெல்லாம் சுத்தி ஆசீர்வாதம் வாங்கித் திரும்பிக்கிட்டு இருந்துச்சு. அது மணவறைக்கு வந்ததும் எந்திரிச்சர்றதுன்னு மைதிலி முந்தானையை இடுப்புல சொருகிக்கிட்டாள்.

"அம்மி மிதிக்கலாமுங்க"ன்னார் அய்யர்.

மண்டபத்து அம்மியை நாலு பேரு தூக்கிட்டு வந்து வெச்சாங்க. மேல தொங்குன சரவிளக்கு, பூமாலை, ஓடாத பேனு எல்லாம் அதுக்குள்ள தெரிஞ்சுது. மைதிலி எந்திரிச்சு நின்னாள். பூபதி மெட்டியைக் கையில எடுத்துக்கிட்டு மண்டி போட்டுக் குனிஞ்சான். குனியறதுக்கு அவன் தலைக்கு இன்னும் எடம் இருக்குதான்னு பின்னாடி யாரோ கிண்டலடிச்சாங்க. அவள் வலது காலை அவன் உள்ளங்கையில வாங்கி, சறுக்காம இறுக்கப் புடிச்சு, அம்மி மேல வெச்சான். வெச்சவன் அப்படியே நின்னு போனான்.

மேளக்காரர் பாத்தார், அடிக்கலாமா வேண்டாமான்னு தெரியாமக் குச்சியைத் தூக்கிட்டு நின்னார். "மெட்டியைப் போடுங்க மாப்பிள்ளை"ன்னார் அய்யர். அவன் போடல. "டேய் பூபதி"ன்னுச்சு அருக்காணி. அவனுக்குக் காது கேக்கல. அவன் அம்மியைப் பாத்துக்கிட்டு இருந்தான், கண்ணைச் சிமிட்டாமப் பாத்துக்கிட்டு இருந்தான். என்னடா இதுன்னு மைதிலியும் குனிஞ்சாள். குனிஞ்சா, அந்தக் கறுப்புக் கல்லுக்குள்ள, அவள் காலுக்குப் பக்கத்துல, ஒரு ஜோடிக் கண்ணு நேரா அவள் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்குது. மேலயும் கீழயுமா சந்தையில பாக்கற மாதிரி இல்லை. பரிட்சைக் கேள்வித்தாளை வாங்குன பையன் மொத வரியிலயே நின்னுட்ட மாதிரி, பயந்து போயி, ஆனா நகர மனசில்லாம. தன்ற மூஞ்சி எப்படி இருக்குதோ, பவுடர் திட்டா நிக்குதோன்னு ஒரு நிமிசம் பதறுனாள், அப்புறம் அந்தப் பதட்டமும் போயிருச்சு.

பூபதி வாயைத் தொறந்தான்.

"ஏனுங்க"ன்னான் கல்லுகிட்ட, தொண்டையைச் செருமிக்கிட்டு. "கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. உங்க மூக்குத்தி வலது பக்கமுங்களா, எடது பக்கமுங்களா? இதுல தலைகீழாத் தெரியறதுல எனக்குச் சரியாப் புடிபடலீங்க."

மைதிலிக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, எதை மொதல்ல உடறதுன்னு தெரியாம ஒதட்டைக் கடிச்சுக்கிட்டாள்.

"நிமிந்து பாருங்க. தெரியும்"னாள்.

அவன் நிமிந்தான். கழுத்து நரம்பு எல்லாம் பொடைக்க, கெணத்துல இருந்து கொடத்தைத் தூக்கற மாதிரி, கொஞ்சங் கொஞ்சமா, முழுசா நிமிந்து, அவள் மூஞ்சியைப் பாத்தான்.

"வலதுங்க"ன்னான்.

பாத்த ஜோருல புடிச்சிருந்த காலை உட்டுட்டான். மைதிலி சறுக்குன சறுக்குல அம்மியைத் தாண்டி, அவனையும் தள்ளிக்கிட்டு மணவறைப் பலகையைத் தாண்டி, தாம்பாளத்து வெத்தலையெல்லாம் செதற, அவன் மடி மேலயே போயிப் பொத்துனு உக்காந்தாள். அருக்காணி ரெண்டு கையையும் தலையில வெச்சுக்கிட்டு, "அய்யய்யோ, நிக்கவே இல்லையே! கல்லு மேல நிக்காத புள்ளைக்கு எப்படித் தாலி கட்டறது?"ன்னு கத்துச்சு. பூபதி அவங்கம்மா பக்கம் திரும்பவே இல்லை, அவன் இன்னும் மூக்குத்தியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தான். மைதிலி அவன் மடியில இருந்தபடியே, சுத்தி முடிச்சு மணவறைக்கு வந்துட்ட தாலித் தட்டை எட்டி இழுத்து அவன் கையில குடுத்துட்டு, கழுத்தை நீட்டுனாள்.